284 ரவைக்கு நடந்த அநியாயம்

இந்த அத்தியாயத்தை எழுதப் பல வருஷங்கள் தயங்கினேன். பேனையை எடுப்பேன், வைப்பேன், வேறு எதையாவது எழுதி அனுப்புவேன். பனி தள்ளினது, பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினது என்று எத்தனையோ கதைகளை நீங்களும் பொறுமையாக வாசித்தீர்கள். இதை மட்டும் ஒளித்து வைத்தேன்.

காரணம் றீட்டா அக்கா. மொன்றியல் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு. இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். அவர் வாசிக்கக் கூடாத ஒரு விஷயம் இந்தக் கதையில் இருந்தது.

போன தவக்காலத்தில் றீட்டா அக்கா ஆண்டவரில் இளைப்பாறினார். இனி எழுதலாம் என்று அவருடைய கணவர் சூசை அண்ணையே சொல்லிவிட்டார். எழுதும், எழுதும் என்று இப்போது என்னைக் கலைத்துக்கொண்டு திரிகிறவரும் அவர்தான்.

மான் நின்றது, வெடி வரவில்லை

மொன்றியலுக்கு வடக்கே மலைப்பக்கத்துக் காடு. கார்த்திகை மாதம், விடிந்து கொஞ்ச நேரம். சூசை அண்ணையும் நானும் ஒரு பலகை மறைப்புக்குள் குந்தியிருந்தோம். அவரிடம் துவக்கு. என்னிடம் தேத்தண்ணிப் போத்தலும் செபமாலையும். வேட்டைச் சட்டப்படி இரண்டு பேரும் செம்மஞ்சள் அங்கி போட்டிருந்தோம். ரோட்டைத் திருத்த வந்தவர்கள் வழி தவறிக் காட்டுக்குள் பூந்த மாதிரி இருந்தது.

மான் வந்தது. கொழுத்த மான். மூக்கிலிருந்து ஆவி பறந்தது. சூசை அண்ணை துவக்கைத் தோளில் வைத்தார். நான் கண்ணை மூடி ஒரு மங்கள வார்த்தை செபம் தொடங்கினேன்.

டிக்.

அவ்வளவுதான். தீப்பெட்டியில் நனைந்த குச்சியைத் தட்டினது போல ஒரு சத்தம். நான் கண்ணைத் திறந்தேன். சூசை அண்ணை துவக்கை அசைக்காமல் முன்னுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். சில ரவை பிந்தி வெடிக்கும், பொறுத்திருக்க வேண்டும் என்று அவர் எடுத்த பாடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது பிந்தியும் வெடிக்கவில்லை. மெல்ல அதை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றினார்.

டிக். அதற்கடுத்ததும் டிக்.

மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கோயில் மண்டபத்தில் தலைவர் உரை எப்போது முடியும் என்று சனம் பார்க்கிற அதே பார்வை. பிறகு எந்த அவசரமும் இல்லாமல் நடந்து போய்விட்டது.

"போயிட்டுது தம்பி."

"ஓம் அண்ணை."

"இப்ப நான் றீட்டாவுக்கு என்னத்தைச் சொல்ல?"

ஒரு மான் தப்பினதற்கு அறுபது வயது மனிதர் ஏன் கண் கலங்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

துவக்குக்குப் பயந்து வந்தவர்கள்

முதலில் ஒன்று. எங்கள் பக்கத்தில் ரவை என்றால் துவக்கில் போடுகிற சாமான். உப்புமாவை நினைக்கும் இந்தியத் தமிழ் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சூசை அண்ணை என்னோடு அதே களஞ்சியத்தில் வேலை செய்தவர். அங்கே றெஜான் என்று ஒரு கியூபெக்காரர். இலையுதிர் காலம் வந்தால் அவருக்கு மான் பைத்தியம் பிடிக்கும். அவர்தான் சூசை அண்ணையை ஒரு முறை காட்டுக்குக் கூட்டிப் போனார். போன மனிதர் ஞானஸ்நானம் வாங்கினவர் போலத் திரும்பி வந்தார். பாடம் எடுத்தார், சோதனை எழுதினார், லைசென்ஸ் வாங்கினார்.

றீட்டா அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"உதுக்குப் பயந்துதானே கடல் தாண்டி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்து உதையே வீட்டுக்குள்ள கொண்டந்து வைக்கப் போறியளோ?"

"அது மனுசரைச் சுடுற துவக்கு, றீட்டா. இது மானைச் சுடுறது."

"துவக்குக்கு அந்த வித்தியாசம் தெரியுமோ?"

ஆனாலும் துவக்கு வந்தது. கீழே நிலவறையில் பூட்டுப் பெட்டிக்குள் துவக்கு, மேலே அலுமாரியில் ரவை.

வந்தது எந்தத் துவக்கு என்பதில்தான் வினை. றெஜானுடைய மாமா ஒருவர் செத்துப் போக, மாமி மலிவாய்க் கொடுத்தது. அதற்குப் போடுகிற ரவையின் பெயர் 284. துவக்கோடு கொஞ்சம் பழைய ரவைப் பெட்டிகளும் சும்மா வந்தன. மலிவுக்கும் சும்மாவுக்கும் ஏன் என்று அந்த நேரம் நாங்கள் கேட்கவில்லை. தமிழர் கேட்பதில்லை.

யாரும் வாங்காத சரக்கு

கடைக்குப் போய் 284 இருக்கிறதா என்று கேட்டோம். கடைக்காரப் பெடியன் எங்களை இரக்கத்தோடு பார்த்தான். "கேக்கிற ஆள் இல்லை, மெசியு" என்று பிரெஞ்சில் சொல்லி, சுவர் முழுக்க அடுக்கியிருந்த 308 பெட்டிகளைக் கையால் காட்டினான். ஜான்-டலோன் சந்தையில் தக்காளி குவித்த மாதிரி 308.

அன்று தொடங்கினது சூசை அண்ணையின் பிரசங்கம். 284 குட்டையான ரவை. வயிறு பெருத்தது, அடி விளிம்பு சிறுத்தது. சின்னத் துவக்குக்குள்ளும் நிறைய வெடிமருந்து கொள்ள வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். நீட்டு ரவைகள் செய்கிற வேலையை இது குட்டையாய் இருந்தே செய்யும், தோளை முறிக்கவும் மாட்டாது. ஆனால் அதற்கென்று முதலில் வந்த துவக்குகள் சந்தையில் எடுபடவில்லை. அவற்றோடு ரவையும் அமுங்கிப் போனது.

"மாப்பிள்ளையில பிழையில்லைத் தம்பி, கூட வந்த தோழன் சரியில்லை. அதுக்கு மாப்பிள்ளையை வேண்டாம் எண்டுட்டாங்கள்."

இன்னும் இருக்கிறதாம் இப்படி. 257 என்று ஒன்று. பழைய துவக்குகள் தாங்காது என்று பயந்து கொம்பனிகள் மருந்தைக் குறைத்து நிரப்ப, அது சோனி என்று பெயர் எடுத்தது. 280 என்று ஒன்று. நடுவில் பெயரை மாற்றி, பிறகு பழைய பெயருக்கே திரும்பி, வாங்குகிறவன் தலையைச் சொறிந்துகொண்டு 308 வாங்கிப் போனான். பற்றைக் காட்டுக்கென்றே செய்த 358, அதையும் தேடுவாரில்லை. இந்தப் பெயர்களை அவர் வரிசையாய்ச் சொல்லும்போது கோயிலில் புனிதர்களின் பெயரைச் சொல்லச் சொல்லச் சனம் பதில் சொல்லுகிற பிரார்த்தனை மாலை மாதிரியே இருக்கும். ஒரு நாள் வாய் தவறி நான் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், சனம் ரவையை மட்டுமா அப்படி வாங்குகிறது? ஒருவர் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினால் அடுத்தவரும் அதே தெருவில், அதே செங்கல்லில், அதே வளைவு வாசலோடு. ஒருவர் கலியாணத்துக்கு வெள்ளைக் குதிரை கொண்டுவந்தால் அடுத்த கோடைக்கு எல்லா மண்டப வாசலிலும் குதிரைச் சாணம். புனிதர்களைக்கூட விடுவதில்லை. அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி வைக்க இடமில்லை. பக்கத்தில் ஒரு சாமானிய மறைசாட்சி தலையை வெட்டக் கொடுத்துவிட்டு ஒரு திரிக்கு வழியில்லாமல் இருட்டில் நிற்கிறார்.

எங்கள் திருவிழாச் சபைத் தலைவர் மரியநாயகம் ஒரு 308 வாங்கினார். அவர் அதால் இதுவரை ஒரு வெடியும் வைத்ததில்லை. துவக்கின் மரப்பிடியில் கடைக்காரன் ஒட்டின விலைச் சீட்டுக்கூட உரியவில்லை. "எல்லாரும் இதைத்தானே வாங்குகினம்" என்பதுதான் அவருக்குத் தெரிந்த துவக்குச் சாத்திரம் முழுவதும்.

நேத்தி

அந்த வருஷங்களில்தான் றீட்டா அக்காவுக்கு நோய் வருத்தம் வந்தது. எந்த வருத்தம் என்று எழுத மாட்டேன். பெயரைக் கேட்டாலே வீட்டில் ரேடியோவை நிறுத்துகிற வருத்தம்.

சத்திரசிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் சூசை அண்ணை முழந்தாளில் நின்று, தன் பெயர் கொண்ட சூசையப்பருக்கு நேத்தி வைத்தார். பக்கத்தில் நான் நின்றேன், காதால் கேட்டேன்.

"அவளை எழுப்பித் தாரும். என்ர கையால விழுத்துற முதல் மானைக் கோயில் ஒளிவிழாவுக்கு அப்படியே தாறன். ஒரு துண்டும் வீட்டுக்கு எடுக்கன்."

றீட்டா அக்கா எழும்பினார். ஆண்டவருக்குத் தோத்திரம். மான்தான் விழவில்லை.

முதல் வருஷம் மழை. இரண்டாம் வருஷம் மான் வந்தது எல்லாம் றெஜான் பக்கம். ஒவ்வொரு மார்கழியும் கோயிலில் நத்தாருக்கு வைக்கிற ஒளிவிழாவில் மரியநாயகம் ஒலிவாங்கியைப் பிடித்து, "சூசை அண்ணையின்ர மான் இந்த முறையும் விசா கிடைக்காமல் நிண்டுட்டுது. ஆகவே கோழிதான், அனைவரும் அன்போடு சாப்பிடுங்கோ" என்பார். மண்டபம் சிரிக்கும். பிள்ளைகள்கூடச் சிரிக்கும், என்ன பகிடி என்று தெரியாமலே.

றீட்டா அக்கா சிரிப்பதில்லை. மூன்றாம் வருஷம் ஒளிவிழாவுக்குக் கிட்டவாய் அவருக்கு ஒரு பெரிய பரிசோதனை வைத்திருந்தார்கள். "நேத்தி கிடப்பில கிடக்குது. குடுத்ததைத் திருப்பி எடுத்தாலும் எடுப்பார்" என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். சூசையப்பர் அப்படிப்பட்டவரில்லை என்று என் மனைவி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பரிசோதனைக்கு முன்னம் மான் விழ வேண்டும். அவ்வளவுதான் அவருடைய நினைப்பெல்லாம்.

சூசை அண்ணையிடம் அப்போது மிஞ்சியிருந்தது ஒரேயொரு பெட்டி 284. மற்றதை எல்லாம் குறி பார்க்கிறேன் என்று சுட்டு முடித்திருந்தார். மரியநாயகம் ஒரு நாள் வேடிக்கை பார்க்க வர, அவருக்குக் காட்டவென்றே இரண்டு பெட்டி போனது. குறி எல்லாம் நடுவில்தான் விழுந்தது. மரியநாயகம் பார்த்துவிட்டு, "கடதாசி ஓடாதுதானே அண்ணை" என்றார்.

சலாட்

இனி அந்தக் காலைக்கே வருகிறேன். மூன்று டிக், மான் போய்விட்டது. சூசை அண்ணை பித்தளை ரவைகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். ரவையின் அடியில் நடுவில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். துவக்கின் ஊசி அந்தப் பொட்டில் அடித்தால்தான் உள்ளே மருந்து பற்றும். மூன்றிலும் ஊசி பட்ட பள்ளம் நல்ல ஆழமாய் இருந்தது. துவக்கில் பிழையில்லை.

பக்கத்து மறைப்பிலிருந்து றெஜான் வந்தார். ஒரு ரவையை வாங்கிப் பார்த்தார், விரலால் தடவினார், மூக்கில் வைத்தார். பெட்டியையும் வாங்கி மணந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"ஒலிவ் எண்ணெய்! சூசை, யார் இதுக்கு எண்ணெய் பூசினது? கொஞ்சம் வினிகிரியும் விட்டிருந்தால் சலாட் தின்றிருக்கலாமே!"

அந்தச் சின்னப் பொட்டுக்குள் எண்ணெய் இறங்கினால் ரவை செத்தது என்று அவர் விளங்கப்படுத்தினார். அதுவும் பழைய ரவை, மாதக் கணக்காய்ப் பூசிப் பூசி.

சூசை அண்ணை சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போனது. எனக்கும் அந்த நேரம்தான் விளங்கியது. மொன்றியல் நகரத்து மலையில் இருக்கிற பெரிய கோயிலில் சூசையப்பர் எண்ணெய் என்று சின்னப் போத்தலில் கொடுப்பார்கள். முழங்கால் நோவுக்குப் பூசுவோம், பிள்ளைக்குச் சோதனை என்றால் நெற்றியில் பூசுவோம். எங்கள் சனத்துக்கு அது நோவுக்கும் மருந்து, கார் எஞ்சினுக்கும் மருந்து. றீட்டா அக்கா, பிறகு அவரே சொன்னபடி, மாதா மாதம் முதல் வெள்ளிக்கு முதல் வெள்ளி அந்தப் பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கி, சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு ரவைக்கும் அடியில் சிலுவை அடையாளம் போட்டு எண்ணெய் பூசி, துடைத்து, திரும்ப வைத்திருக்கிறார். மனிதர் வேலையால் வரும்போது பித்தளை மினுங்கும். நல்ல சரக்கு, கறுக்கவே இல்லை என்று அவர் 284-ஐ மெச்சிக்கொண்டு திரிந்தார்.

"தம்பி," என்றார் சூசை அண்ணை. "இது உமக்கும் எனக்கும் இந்த வெள்ளையனுக்கும்தான் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சால், தானே நேத்தியைக் கெடுத்துப் போட்டன் எண்டு பரிசோதனைக்கு முதலே படுத்துடுவாள்."

வீட்டு வாசலில் றீட்டா அக்கா நின்றார். எங்கள் கார் நிற்க முன்னமே முகத்தைப் படித்துவிட்டார்.

"வெடிக்கேல்லை, றீட்டா."

"ஏன்?"

"ரவை சரியில்லை. அந்த 284 ஒண்டுக்கும் உதவாத சாமான். சனம் வாங்காததுக்குக் காரணம் இருக்குது. நான்தான் விசரன்."

நான் காருக்குள் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். இந்த வார்த்தை இந்த வாயிலிருந்து வரும் என்று சூசையப்பரே நேரில் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

றீட்டா அக்கா குரல் இறங்கிக் கேட்டார். "நான் எண்ணெய் எல்லாம் பூசி வச்சனான். அதுவும் கேக்கேல்லையோ?"

"நீர் எண்ணெய் பூசினபடியால்தான் துவக்கு வெடிச்சுச் சிதறாமல் நான் கண்ணோட வந்திருக்கிறன்."

றீட்டா அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அந்தப் பொய்யைப் போல ஒரு பக்தியான பொய்யை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எல்லாருக்கும் முன்னால்

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. சூசை அண்ணை நேரே மரியநாயகத்திடம் போனார். வேட்டைக் காலம் முடியக் கொஞ்ச நாள்தான் கிடந்தது.

"தலைவர், உங்கட 308-ஐ ஒருக்கா இரவல் தாங்கோ."

மரியநாயகம் மீன் ரோல்சை வாயில் வைத்தபடி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். இப்படியான சந்தர்ப்பம் மனிதருக்கு எத்தனை தரம் கிடைக்கும்?

"ஏன் அண்ணை, உங்கட 284 எங்க? நாட்டை விட்டு ஓடிட்டுதோ?"

"அது சரியில்லை."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லையாம்."

பின்னுக்கு நின்றவர்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் றீட்டா அக்கா அங்கே, பெண்கள் பக்கம் கோப்பை கழுவிக்கொண்டு, இந்தப் பக்கம் காது கொடுத்தபடி நின்றார். சூசை அண்ணை அவரை ஒரு தரம் பார்த்தார்.

"284 சரியில்லை. 308தான் ரவை. நான் இவ்வளவு நாளும் கதைச்சது விசர்க்கதை."

மண்டபம் கை தட்டியது. உண்மையாகவே கை தட்டினார்கள். சேசுவின் உவமைகளுக்குத் தட்டாத கைகள்.

மரியநாயகம் துவக்கைக் கொடுத்தார். கொடுக்கும்போது, "விலைச் சீட்டு உரியாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

அந்த வாரக் கடைசியில் சூசை அண்ணை அந்த 308-ஆல் ஒரு மானை விழுத்தினார். ஒரே வெடி. றெஜானும் நானும் இழுத்து வந்தோம். ஒளிவிழாவுக்கு இரண்டு பெரிய சட்டி இறைச்சிக் கறி, மிளகு தூக்கலாய். றீட்டா அக்காவே நின்று காய்ச்சினார். பிழிந்த தேங்காய்ப்பால் அடுப்பில் கொதித்த வாசம் கோயில் பீடம் வரை போனது. மரியநாயகம் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட 308 விழுத்தின மான்" என்று அறிவித்தார். சூசை அண்ணை மற்றவர்களைவிடப் பலமாய்க் கை தட்டினார். தான் சொன்ன சொல்படி ஒரு துண்டும் வீட்டுக்கு எடுக்கவில்லை. பரிசோதனைக்கு றீட்டா அக்கா பயமில்லாமல் போனார். பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். அதன் பிறகு பல வருஷம் இருந்து, பேரப்பிள்ளைகளோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கும் அளவுக்கு இருந்து, கடைசியில் வேறு வருத்தத்தில் போனார்.

அத்தனை வருஷமும் மண்டபத்தில் யாராவது உதவாத சாமான் வாங்கினால் "284 வாங்கிட்டான்" என்று சொல்வது வழக்கமாய்ப் போனது. உடைந்த கார், ஓடாத வியாபாரம், வேலையில்லாத மருமகன், எல்லாம் 284. அதைக் கேட்டுச் சூசை அண்ணையும் சிரிப்பார். அந்த ரவை நல்ல ரவை என்று, என்னைத் தவிர, அந்த மண்டபத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்.

முப்பத்தோராம் நாள்

றீட்டா அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, சனம் கலைந்த பிறகு, சூசை அண்ணை என்னைக் கார்த் தரிப்பிடத்துக்குக் கூட்டிப் போனார். கண் சிவந்திருந்தது. அழுகிறதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, நான் சொன்ன பொய்யைப் பாதரிட்டச் சொல்லிப் போட்டன். பரிகாரமாய் மூண்டு பரலோக மந்திரம் தந்து விட்டுட்டார். என்ர பாவம் போச்சுது. ஆனா அந்த ரவையின்ர பேர் இன்னும் அப்படியேதான் கிடக்குது."

"அது வெறும் பித்தளைதானே அண்ணை."

"பித்தளையோ, என்னவோ. ஒரு பிழையும் செய்யாததை எல்லாருக்கும் முன்னால காட்டிக் குடுத்தனான். அவள் இருக்குமட்டும் எனக்கு வேற வழியில்லை. இனி நீர் எழுதும். மரியநாயகத்தின்ர பேரையும் எழுதும்."

எழுதிவிட்டேன். இதை வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். எங்கள் சனம் சொல்லும்போது மானுக்குக் கொம்பு நீளும், எனக்குத் தெரியும். கொம்பை நீட்ட வேண்டாம். சூசையப்பர் எண்ணெய்க்குச் சக்தியில்லை என்று ஒருவரும் சேர்க்க வேண்டாம், றீட்டா அக்கா கெடுத்துப் போட்டா என்று ஒருவரும் வாய் திறக்க வேண்டாம். அவர் ஒவ்வொரு ரவைக்கும் சிலுவை போட்டது தன் மனிதர் பத்திரமாய் வீடு திரும்ப வேண்டும் என்று. அந்த மனிதரும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்.